துளைக்குள் போன கிரீஸ்

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காக நான் பிளாஸ்மாவின் ஓரத்தை அளந்துகொண்டிருந்தேன். வளையம் போன்ற பாத்திரத்துக்குள் காந்தம் கட்டிப்போட்ட, பெரும் சூட்டில் மின்னேறிய வாயு அது. அதன் விளிம்பு ஓயாமல் கொந்தளிக்கும். சூடு கசிவதே அந்த வழியாகத்தான். கொந்தளிப்பைப் பிடிக்க, மெல்லிய உலோக ஊசிகளை ஓரத்துக்குள் நீட்டி வைப்போம். எங்கள் ஊர் தண்டையார்பேட்டையில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், சூரியனைப் பூமியில் செய்கிறோம் என்பேன். வெட்கமே கிடையாது எனக்கு.

ஊசிகளைத் தாங்க, நடுவே துளை போட்ட ஓர் எஃகுத் தண்டு வேண்டியிருந்தது. லீவில் ஊருக்கு வந்தபோது, லேத் பட்டறை வைத்திருந்த பள்ளிக்கூடத் தோஸ்திடம் கொடுத்தேன். துறைமுக வேலை குறைந்து அவன் பட்டறை தள்ளாடிக்கொண்டிருந்த நேரம். இது நன்றாக அமைந்தால் இனி எங்கள் வேலையெல்லாம் உனக்குத்தான் என்று பெரிய மனுஷனாட்டம் வாக்கு கொடுத்தேன். இது எங்கே உட்காரப்போகிறது என்று கேட்டான். உனக்குச் சொன்னால் புரியாது என்றேன்.

அவன் வேலை அவ்வளவு சுத்தம். எங்கள் பக்கத்து உப்புக்காற்று எதையும் துருவேற்றாமல் விடாது; அதனால் முடித்த சாமானைக் கிரீஸ் பூசாமல் எந்தப் பட்டறையும் வெளியே அனுப்பாது. அவன் துளைக்குள்ளும் அடைத்துக் கொடுத்தான். காற்றே இல்லாத அந்தப் பாத்திரத்துக்குள் துளி எண்ணெய்ப் பிசுக்கும் போகக்கூடாது. நான் வெளியே பளபளவென்று துடைத்தேன். துளைக்குள் பார்க்க இந்த மேதாவிக்குத் தோன்றவில்லை.

முதல் நாளே திரையில் அலைகள் எகிறின. ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். பார்த்தால், கிரீஸ் ஆவியாகி பிளாஸ்மாவையே கெடுத்திருந்தது. பாத்திரத்தைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை எல்லோருடைய வேலையும் நின்றது. கூட்டத்தில் எப்படி ஆயிற்று என்று என் ஆராய்ச்சி வழிகாட்டி கேட்டார். லேத்காரன் தப்பு சார் என்றேன், வாய் கூசாமல். இனி அந்தப் பட்டறை வேண்டாம் என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த லீவில் அவனைப் பார்க்கப் போனேன். அடுத்த ஆர்டர் எப்போது வரும் என்றுதான் முதலில் கேட்டான். வராது என்றேன். பழியை அவன் தலையில் கட்டியது வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லேத்தை நிறுத்திவிட்டுக் கையைத் துணியில் துடைத்தான்.

"சரி வுடு மச்சி. உன் படிப்புக்கு ஒண்ணும் ஆவலியே?"

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். ஒன்றும் ஆகவில்லை என்றேன்.