காதுக்குள் ஓடிய மாவு மில்

பிந்தேஷ்வர் மஹதோவை, எங்கள் பிந்தாவை, நான் ஒரே ஒரு முறைதான் அடித்தேன். அவன் என்னை இரண்டு முறை அடித்திருக்கிறான். அவன்தான் முரடன் என்று நினைக்கிறவர்கள் முழுக்கதையையும் கேட்டுவிட்டு நினைக்கட்டும்.

பாட்னாவில், கங்கைக்குப் போகிற சந்து ஒன்றில் இருந்த லாட்ஜின் ஒன்பதாம் நம்பர் அறையில் நாங்கள் இருவரும் மூன்றரை வருடம் இருந்தோம். லாட்ஜ் முழுக்க ரயில்வே பரீட்சைக்குப் படிக்கிற பையன்கள். நான் ஜமுயி மாவட்டத்து மாஞ்ஜி டோலா என்கிற குடியிருப்பிலிருந்து வந்தவன். எங்கள் டோலாவில் அறுபது வீடு, அதில் பி.ஏ. முடித்தவன் நான் ஒருவன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. குடித்துவிட்டுக் கத்துகிறவர்கள், குழந்தையை அடிக்கிறவர்கள், அடிபடுகிற குழந்தைகள், எல்லாச் சத்தத்துக்கும் நடுவில் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு வாங்கிய பட்டம் அது. படிப்பு என்றால் அமைதி. இதுதான் என் கட்சி.

பிந்தாவின் கட்சி வேறு. அவன் அப்பா லக்கிசராய்ப் பக்கம் ஒரு மாவு மில்லில் டீசல் எஞ்சின் ஓட்டினார். மில்லை ஒட்டிய அறைதான் வீடு. எஞ்சின் பட்பட்டென்று அடிக்க அடிக்க அவன் வாய்ப்பாடு படித்தான். கோதுமைத் தூசிக்குள் உட்கார்ந்து மெட்ரிக் தேறினான். எஞ்சின் நின்றால் தூக்கம் கலைந்துவிடுமாம். பாட்னாவுக்கு வந்த பிறகு மில் இல்லை; அதற்குப் பதில் டோலக். பாட்டு கேட்க மாட்டான். வார்த்தை வந்தால் கணக்கு ஓடிவிடும் என்பான். வெறும் டோலக் அடி, ஒரே தாளம், ஒரு மணி நேரம். இயர்போனைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்தில் நான் விழுந்து செத்தாலும் அவனுக்குத் தெரியாது.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ரயில் எஞ்சினில் உதவி ஓட்டுநர் வேலை. நாள் முழுக்க எஞ்சின் சத்தத்துக்குள் உட்கார்ந்திருக்கச் சம்பளம் தருகிற வேலை வேறு எது என்று கேட்பான். இரண்டு முறை எழுதினான். முதல் முறை மூன்று மார்க்கில் போயிற்று, அடுத்த முறை இரண்டு மார்க்கில். பரீட்சைக் கூடத்து வாசலில் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அங்கே ஏது டோலக்?

"மவுஸ் அழுத்துற சத்தம் கேக்குதுடா. பக்கத்துல இருக்கிறவன் எச்சில் முழுங்குறது கேக்குது. என் மண்டை மட்டும் காலியா கெடக்கு" என்றான், இரண்டாம் முறை எழுதிவிட்டு வந்தபோது.

மூன்றாவது முறைதான் கடைசி. அதற்குமேல் வயது தாண்டிவிடும்.

சந்து முனையில் ஷம்பு பாபுவின் படிப்பறை இருந்தது. நாற்பது இருக்கை, நாற்பது பல்பு, மாத வாடகை. ஊசி விழுந்தால் கேட்க வேண்டும் என்பது சட்டம். ஒரு மத்தியானம் பிந்தாவின் இயர்போன் ஒயர் போனிலிருந்து கழன்றுவிட்டது. அந்தச் சுடுகாட்டு அமைதிக்குள் டோலக் இடித்தது. பிந்தாவுக்கு என்ன நடந்தது என்று புரிவதற்குள் ஷம்பு பாபு மரஸ்கேலின் விளிம்பால் அவன் புறங்கையில் இறக்கினார். ஒன்று, இரண்டு, நான்கு. பின்வரிசையிலிருந்து ஒருவன் காம்பஸ் பெட்டியை எறிந்தான். ரத்தம் சொட்டி நோட்டு நனைந்தது.

"இது படிக்கிற எடம்டா! உன் அக்கா கல்யாணம் இல்ல!" என்று கத்தினார் ஷம்பு பாபு.

"அக்கா கல்யாணத்துல இதைவிட நல்லா வாசிச்சாங்க பாபு. சாப்பாடும் போட்டாங்க" என்றான் பிந்தா.

அதற்கு இன்னும் இரண்டு அடி விழுந்தது. நான் என் இருக்கையை விட்டு எழவில்லை. பக்கம் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன்.

அன்று அறைக்கு வந்ததும் வாதம் முற்றியது. சரி, பரீட்சை வைத்தே பார்த்துவிடுவோம் என்று முடிவாயிற்று. ஒரே மாதிரித் தாள், நூறு கேள்வி, தொண்ணூறு நிமிடம். அவனுக்கு டோலக், எனக்குப் பஞ்சு. அவன் எண்பத்து மூன்று. நான் எழுபத்தாறு. லாட்ஜ் முழுக்கச் செய்தி பரவி, மாடிப்படியில் போகிறவன் வருகிறவனெல்லாம், "என்ன பி.ஏ. சாஹிப், டோலக் வேணுமா?" என்று கேட்க ஆரம்பித்தான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள் டோலக் இல்லாமல் அவனை எழுதச் சொன்னேன். அறுபத்து நான்கு.

"பாத்தியா? கட்டையை ஊனிக்கிட்டு ஓடுற நொண்டிடா நீ. வாசல்லயே கட்டையைப் புடுங்கிருவான். உள்ள போய் என்ன செய்வ? தவழுவியா?" என்றேன்.

அவன் சத்து மாவு கரைத்துக்கொண்டிருந்த எவர்சில்வர் லோட்டாவை என் முகத்தில் வீசினான். புருவம் பிளந்து மூன்று தையல். அது அவன் என்னை அடித்த முதல் முறை. சொன்னது எவ்வளவு கேவலம் என்று எனக்கும் தெரிந்ததால் யாரிடமும் புகார் சொல்லவில்லை. தையல் போட என்னைக் கூட்டிப்போனதும் அவன்தான்.

மூன்றாவது பரீட்சைக்குப் பதினோரு நாள் இருக்கும்போது சரஸ்வதி பூஜை வந்தது. ஒவ்வொரு லாட்ஜிலும் சிலை. எல்லாப் புத்தகத்தையும் தேவியின் காலடியில் வைத்துவிட வேண்டும். சிலை கங்கைக்குப் போகிறவரை ஒரு எழுத்துப் படிக்கக் கூடாது. படித்தால் வருடம் முழுக்கப் படிப்பு ஏறாது. யாரும் மீறுவதில்லை. பிந்தா மட்டும் ஒரு பயிற்சிப் புத்தகத்தைச் சட்டைக்குள் ஒளித்துவைத்துவிட்டான்.

"பாவம்டா" என்றேன்.

"அவ ஒரு கையில வீணை, ஒரு கையில புத்தகம் வச்சிருக்கா. ரெண்டையும் சேத்து வச்சிருக்கிறவ என்னை ஒண்ணும் சொல்ல மாட்டா. நீ வேணும்னா போய்ச் சொல்லு, வீணையைக் கீழ வைம்மான்னு."

மறுநாள் சாயங்காலம் சிலை கரைக்கக் கிளம்பினோம். எங்கள் லாட்ஜின் டி.ஜே. வண்டியும் எதிர் லாட்ஜின் டி.ஜே. வண்டியும் சந்தில் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. யார் பின்வாங்குவது? இரண்டு பக்கமும் சத்தத்தை ஏற்றினார்கள். மாடி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து உடைந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ குத்துகிற மாதிரி இருந்தது. எங்கள் பையன் ஒருவன் அவர்கள் ஸ்பீக்கரில் செங்கல்லை விட்டான். அவ்வளவுதான். மூங்கில் கம்பும் சைக்கிள் செயினும் எங்கிருந்து முளைத்தன என்று தெரியவில்லை. சிலை தூக்கிக்கொண்டிருந்தவன் மண்டை உடைந்து தேவியின் வெள்ளைப் புடவையில் ரத்தம் தெறித்தது. கீழே விழுந்த ஒருவனின் முழங்காலை இரண்டு பேர் கம்பால் மாறிமாறி இடித்தார்கள். அவன் வாய் திறந்திருந்தது, டி.ஜே. சத்தத்தில் அலறல் கேட்கவில்லை. என் கைவிரல் ஒன்று பின்பக்கமாக மடங்கிக் கிடந்தது.

எங்கள் ஆட்கள் சிதறினார்கள். அவர்கள் எங்கள் லாட்ஜுக்குள் புகுந்து ஒவ்வொரு அறையாகக் கதவை உதைத்து, அகப்பட்டவனை இழுத்துப் போட்டு அடித்துக்கொண்டே மேலே வந்தார்கள். எனக்குப் பிந்தாவின் ஞாபகம் வந்தது. அவன் மொட்டைமாடியில் இருந்தான்.

ஓடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். மடியில் புத்தகம், காதில் இயர்போன், கையில் பென்சில். தெருவில் நடக்கிற எதுவும் அவனைத் தொடவில்லை. தலை தாளத்துக்கு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"பிந்தா! ஓடுடா! வந்துட்டானுங்கடா!"

மூன்று முறை கத்தினேன். நிமிரவில்லை. பக்கத்தைத் திருப்பினான்.

உள்ளங்கையை விரித்து, முழுப் பலத்தோடு, இயர்போன் செருகியிருந்த இடது காதில் அறைந்தேன். பயத்தில் அடித்தேன் என்றுதான் அப்போது எல்லோரிடமும் சொன்னேன். பாதி பயம். மீதிப் பாதி அந்த எண்பத்து மூன்று மார்க்.

அவன் சுருண்டு விழுந்தான். இழுத்து நிறுத்தி அடுத்த வீட்டு மாடிக்குத் தள்ளி, நானும் குதித்தேன். தப்பித்துவிட்டோம். அவன் கழுத்து வழியாக ரத்தம் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

காது ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். ஓட்டை மூடலாம், காது பழையபடி கேட்குமா என்று சொல்ல முடியாது. பிந்தா அவர் சொன்னதைக் கவனித்த மாதிரியே இல்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தான்.

"சத்தம் வருது" என்றான் என்னிடம். "உள்ளயே வருது. பட்பட்டுன்னு. நிக்கல."

பரீட்சை நாளன்று கூடத்து வாசலில் அவன் காதில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பஞ்சை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தான். உள்ளே போனான். வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டே ஓடி வந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

"மில்லு ஓடுச்சுடா! கடைசி வரைக்கும் ஓடுச்சு! எவனாலயும் புடுங்க முடியல!"

தேவையான மார்க்குக்கு மேல் பதினாறு வாங்கித் தேறினான். அதே பரீட்சை எழுதிய நான் தேறவில்லை. லாட்ஜில் அவனைத் தோளில் தூக்கி ஆடினார்கள். நானும் ஆடினேன். நான் விட்ட அறைதான் அவனைத் தேற வைத்தது என்றுகூட ஒரு நாள் சொல்லிவிட்டேன். அவன் மறுக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து மருத்துவப் பரிசோதனை. வாசலில் நான் காத்திருந்தேன். உள்ளே நடந்ததை அவனே பிறகு சொன்னான். கண் சரி, நெஞ்சு சரி. டாக்டர் பின்னால் போய் நின்று வலது காதில் முணுமுணுத்தார்: முப்பத்தெட்டு. சொன்னான். இடது காது. முணுமுணுத்தார். மில் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை. மில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் வாய்க்கு வந்த எண் ஒன்றைச் சொன்னான். டாக்டர் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எதிரில் வந்து நின்றான். கழுத்துத் துண்டை அவிழ்த்து இடது காதைக் காட்டி நின்றேன். காவலாளி பார்த்துக்கொண்டிருந்தான், டீக்கடைக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். பிந்தா கையை முழுக்க ஓங்கி அறைந்தான். நான் கம்பிவேலியில் போய் விழுந்தேன். உலகம் முழுக்கக் கிர்ரென்று ஒரே சத்தம்.

குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தான். வாய் அசைந்தது. பாதிதான் கேட்டது.

"கேக்குதா? இதோடதான் நான் சாகுற வரைக்கும் இருக்கணும். பரீட்சைக்கு மட்டும்தாண்டா எனக்கு இது வேண்டியிருந்துச்சு."

பிறகு கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டான். டீ வாங்கிக் கொடுத்தான்.

இப்போது அவன் லக்கிசராய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. எனக்கு அடி வாங்கிய மூன்றாம் நாளே காதுச் சத்தம் நின்றுவிட்டது.