ஒற்றைக்கண் விராலை நான் விட்ட ஞாயிற்றுக்கிழமை

எழுத உட்கார்ந்தால் எங்காவது வழி தவறிவிடுவேன். அதனால் முதலில் வரிசை. நான்கு வருடங்களுக்கு முன் என் மீன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியது இது. விளக்கம் கீழே.

1. தண்ணீரில் சிவப்பு நகர்ந்தால் தூண்டில் போடக் கூடாது.
2. கொக்கியில் பின்பக்கம் நீட்டும் சின்ன முள்ளை நசுக்கிவிட வேண்டும்.
3. விட்ட மீன் நம் கைக்குத் திரும்பி வராது. அதைத் தெரிந்துகொண்டே விட வேண்டும்.

அந்த வருடம், ஐப்பசி மழை விட்டிருந்த காலை... ஈரக் கரிசல் மண் செருப்பில் அப்பி, ஆளுக்கு ஒரு கிலோ கூடியிருந்தோம். ராயகிரி போகும் வழியில், மீன் ஏலத்துக்குப் போகாத ஒரு சின்னக் குளம்.

நாங்கள் மூவர். சங்கரன்கோவிலில் தறிப்பட்டறை வைத்திருக்கும் மாரியப்பன் அண்ணாச்சி. துபாயிலிருந்து திரும்பிவிட்ட கடையநல்லூர் காதர் பாய். ராடு, ரீல், கொக்கி வைத்த ரப்பர் தவளை எல்லாம் அவர் கொண்டுவந்த பழக்கம். அப்புறம், சர்வேயராக இருந்து ஓய்வு பெற்ற நான்.

அவர்கள் பிடிப்பார்கள். நான் அளந்து நோட்டில் எழுதுவேன். என் பெயருக்கு நேரே எட்டு மாதமாக வெறும் கோடுதான்.

"சர்வேயர்வாள், அளக்கதுக்கு மட்டும்தான் வாரீரா? பிடிக்கதுக்கும் ஒருநாள் வாரும்" என்பார் அண்ணாச்சி.

அன்று மதியம் அவர் வீட்டுக்குச் சம்பந்திகள் வருகிறார்கள். விரால் குழம்பு என்று சொல்லியாகிவிட்டது. மணி பத்தாகியும் ஒரு கடி இல்லை.

அப்போதுதான் தாமரை இலைகளுக்கு நடுவே தண்ணீர் செம்மண் கரைத்தது போலச் சிவந்தது. ஒரு தாம்பாள அகலம். மெல்ல நகர்ந்தது. அத்தனையும் விரால் குஞ்சுகள்.

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "வே, அங்கன பாரும். செவப்புக்குக் கீழதான் பெருசு நிக்கும். குஞ்சுப் பக்கத்துல எது விழுந்தாலும் பாயும். உம்மால கூட பிடிச்சிரலாம். போடும்!"

போட்டேன். ரப்பர் தவளை விழுந்த இடத்தில் தண்ணீர் வெடித்தது. ராடு வில்லாக வளைந்தது. எப்படி இழுத்தேன் என்று இன்றும் தெரியாது... கரையில் ஒரு விரால் கிடந்தது. அறுபத்திரண்டு சென்டிமீட்டர். இடது கண் இருந்த இடம் தோல் மூடி ஆறியிருந்தது.

"சர்வேயர் கணக்கத் தொடங்கிட்டாருல்லா! சம்பந்தி முன்னால என் மானத்தக் காப்பாத்திட்டீரு வே!" அண்ணாச்சி கை தட்டினார். பாய் போட்டோ எடுத்தார். எனக்காக யாரும் கை தட்டி நான் அதிகம் கேட்டதில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது.

பிறகு குளத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

சிவப்பு துண்டு துண்டாகச் சிதறிக்கொண்டிருந்தது. ஜிலேபி மீன்கள் பளக் பளக்கென்று மேலே வந்து குஞ்சுகளை விழுங்கின. இந்த மீன் பசிக்குக் கடிக்கவில்லை. காவல் நின்றது, கடித்தது. அது தாயா தகப்பனா என்று எனக்குத் தெரியாது.

"அண்ணாச்சி... இத விட்டுரட்டுமா?"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"என்னது! அங்க மசாலா அரைச்சாச்சு வே!"

"குஞ்செல்லாம் போயிரும் அண்ணாச்சி. நான் தப்பாக்கூடச் சொல்லலாம்..."

"எட்டு மாசத்துக்கு ஒரு மீனு. அதையும் விடப் போறாராம். பாய், கேட்டீரா கூத்த?"

காதர் பாய் பையிலிருந்து குறடு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "அவரு பிடிச்ச மீனு அண்ணாச்சி. அவரு இஷ்டம்."

கொக்கியின் முள் உதட்டைத் துளைத்து மறுபக்கம் நீட்டி, வர மறுத்தது. குறட்டால் அதை நசுக்கிய பிறகே கழன்றது. கையை நனைத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கி, தண்ணீருக்குள் பிடித்தேன். அசையவில்லை. கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்... வால் ஒருமுறை என் மணிக்கட்டில் அடித்தது. போய்விட்டது.

அரைமணி நேரம் நின்றோம். இலைகளுக்கு நடுவே சிவப்பு மறுபடி சேர்ந்தது. தாம்பாளம் அளவு இல்லை. சாப்பாட்டுத் தட்டு அளவு. ஆனால் சேர்ந்தது! நான் கத்தியதில் கரைக் கொக்குகள் எழும்பிப் பறந்தன.

சம்பந்திகளுக்கு அண்ணாச்சி கடையில் பிரியாணி வாங்கிப் போட்டார். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. மூன்றாம் ஞாயிறு அவராகவே சொன்னார்: "வே, குஞ்செல்லாம் விரல் நீளம் ஆயிட்டு, தெரியுமா? எண்ணிப் பாத்தேன். எண்ண முடியல." தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறார்!

அன்று நான் ஒருவன், அதுவும் தயங்கித் தயங்கி. இன்று தூண்டில்காரர்கள் பலர் சேர்ந்த எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் யாரும் முள்ளை நசுக்காமல் கொக்கி கட்டுவதில்லை. ஆளுக்கு இரண்டு மீனுக்கு மேல் எடுப்பதில்லை. சிவப்பு தெரிந்துவிட்டால் அண்ணாச்சி சத்தம் ராயகிரிக்குக் கேட்கும்: "ஏலே, குஞ்சு நிக்கது கண்ணுக்குத் தெரியலையா? ராட மடக்குல!"

நடுவில் ஒரு கோடையில் குளம் வற்றி, மடைப்பள்ளத்தில் சேறு மட்டும் கிடந்தது. என் விரால் அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு அதே குளத்தில் என் ராடு வளைந்தது. தண்ணீரில் சிவப்பு எதுவும் இல்லை. இழுத்து வந்தபோது அண்ணாச்சிதான் முதலில் பார்த்தார்.

"வே! உம்ம ஆளு! அதே ஒத்தக்கண்ணு! சேத்துக்குள்ளயே புதைஞ்சு கெடந்து பொழைச்சிருக்கு!"

எழுபத்தொரு சென்டிமீட்டர். இரண்டு முறை அளந்தேன். இந்த முறை கையை நனைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியவர் அண்ணாச்சி. "போயிட்டு வா தாயி" என்று விட்டார். தகப்பனாகவும் இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை.

ஆகவே நண்பர்களே, மேலே மூன்றாவதாக உள்ளது தவறு. நோட்டிலும் அடித்துவிட்டேன்.