இரண்டாவது வெள்ளம்

கோத்தா திங்கியில், பழைய சுல்தான்களின் கல்லறைகளைத் தாண்டி, ஆற்றோரத் தெருவில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். ஈரச் சேற்றின் வாடை வந்ததும் பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு ஒன்பது வயதில் இந்த வாடை இதே தெருவிலிருந்த எங்கள் வீடெங்கும் இருந்தது. டிசம்பரில் வந்த வெள்ளம் வடிந்த பிறகு, அலமாரி இடுக்கிலிருந்த சேற்றைக்கூட அம்மா தேங்காய் நாரால் தேய்த்தெடுத்தார். அப்பா சுவருக்கு இளம்பச்சைச் சாயம் அடித்தார். புது மெத்தையும் வந்தது.

"இனிமே வராது லா," என்று அப்பா சிரித்தார்.

பொங்கலுக்கு முன்பே ஆறு மறுபடி வீட்டுக்குள் வந்துவிட்டது. பள்ளி மண்டபத்தில் தங்கிவிட்டுத் திரும்பியபோது, பச்சைச் சுவரில் என் தலைக்கு மேல்வரை சேறு படிந்திருந்தது. நான் துடைப்பத்தை நீட்டினேன்.

"வேணாம், வச்சிரு," என்று அம்மா ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஜொகூர் பாரு அடுக்குமாடிக்குக் குடிபோனோம். அங்கேயே அப்பா இறந்தார். இத்தனை வருஷத்தில் அம்மா அந்த அடுக்குமாடி வீட்டுச் சுவரில் ஒரு படம்கூட மாட்டவில்லை. அவர் புடவைகள் இன்னும் பெட்டியில்தான் இருக்கின்றன.

இன்று எங்கள் பழைய வீட்டு வாசலில் யாரோ ரோஜாச் செடிகளை வரிசையாக வைத்திருந்தார்கள்.

"இறங்கிப் பாக்கலாமாம்மா?"

அம்மா அந்தச் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம், புதுசா வந்தவங்க போல," என்றார். "காரை எடு, போலாம்."