பச்சை விளக்குக்குக் காத்திருந்த பெட்டி

ஸ்டெபிலைசர் ரிப்பேர்க்காரனிடம் யாரும் நல்ல செய்தியோடு வருவதில்லை. புகை வந்தது, நாற்றம் வந்தது, மாமியார் பக்கத்தில் நிற்கும்போது வெடித்தது என்றுதான் வருவார்கள். பழுது பார்த்துப் பிழைக்கிற சகோதரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் கடை வைத்திருந்த எனக்கு, தொண்ணூறுகளின் கடைசியில், இதைவிடப் பெரிய சோதனை ஒன்று பைக்கில் ஏறி வந்தது.

தாமதம் வேண்டும்

வரதன் ஒரு கல்லூரியில் பௌதிக ஆய்வுக்கூட உதவியாளர். கோயில் கைங்கரியக் குடும்பம். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், வாயில் மென்மையான பேச்சு. அவருக்குள் டிராக் ரேஸ் பைத்தியம் இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வண்டி அவருடையது, எஞ்சின் வேலை முழுக்க அன்வர் பாயுடையது. பாய் ரயில்வே ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார்.

டிராக் ரேஸ் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வண்டிகள் அக்கம்பக்கமாக நின்று, நேர் ரோட்டில் கால் மைல் பாய வேண்டும். எதிரே ஒரு விளக்குக் கம்பம். மஞ்சள் விளக்குகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக எரிந்து, கடைசியில் பச்சை வரும். பச்சைக்கு முன்னால் நகர்ந்தால் சிவப்பு விழுந்துவிடும், ஆட்டம் முடிந்தது. பச்சையைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்பினாலோ பக்கத்து வண்டியின் புகைதான் மிச்சம். வரதன் ஒன்று முந்திக்கொள்வார், இல்லையென்றால் முந்திவிடுவோமோ என்ற பயத்தில் கல்லாக நின்றுவிடுவார்.

வெளிநாட்டில் இதற்கு ஒரு 'டிலே பாக்ஸ்' இருப்பதாக ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு வந்திருந்தார். முதல் மஞ்சள் எரிந்ததும் பொத்தானை விட்டால் போதும். மீதி நேரத்தைப் பெட்டி எண்ணிக்கொண்டு, பச்சை எரிகிற நொடியில் கிளட்ச்சை விடுவித்துவிடும். கரண்ட் போய் வந்தால் ஃபிரிட்ஜைக் கொஞ்ச நேரம் காக்க வைக்கிற டிலே சர்க்யூட்டை நான் தினமும் செய்துகொண்டிருந்தேன். அதையே சுருக்கி, கிளட்ச்சைப் பிடித்து வைக்க ஒரு மின்காந்தம் சேர்த்தால் ஆயிற்று என்றேன். வரதனின் முகம் மலர்ந்தது. அன்வர் பாய்தான் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்பா, வேகமா போறதுக்கு வழி கேட்டு வந்தா, இந்தாளு லேட்டா போறதுக்கு மிஷின் செய்றேன்றாரே!"

பாவு நீட்டிய தெரு

முதல் சோதனையை ஒரு காலையில் அன்வர் பாய் வீட்டுத் தெருவில் வைத்துக்கொண்டோம். நல்ல நீளமான தெரு. அந்த நீளத்துக்காகவே தெருக்கோடியில் நெசவாளர் முனுசாமி, தறியில் ஏற்றப்போகும் நீள இழைகளான பட்டுப் பாவை நீட்டிக் கட்டி, இழை பிரித்து வாரிக்கொண்டிருந்தார். நாங்கள் அந்தப் பக்கமே போகப் போவதில்லை, நின்ற இடத்தில் பெட்டி கிளட்ச்சைப் பிடித்து நிற்கிறதா என்று மட்டும் பார்க்கப் போகிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தோம்.

வரதன் கியரைப் போட்டு, பொத்தானை அழுத்திக்கொண்டு, எஞ்சினை முறுக்கினார். அவர் பொத்தானை விடவே இல்லை. எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கில் பறந்த தீப்பொறியே என் சர்க்யூட்டை ஏமாற்றிவிட்டது. காந்தம் விட்டது, வண்டி பாய்ந்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. வரதன் இரண்டு பிரேக்கையும் பிடித்து, வண்டியைச் சாய்த்து, ஒரு காலைத் தரையில் தேய்த்து நிறுத்தினார். முன் சக்கரத்துக்கும் பாவுக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். யார் வீட்டுக் கல்யாணப் புடவையோ அது.

வெட்டு குத்து ஆகப்போகிறது என்று நினைத்தபடி ஓடினேன். முனுசாமி சீப்பைக் கீழே வைத்தார். பாவைப் பார்த்தார், ரத்தம் கசிந்த வரதனின் முழங்காலைப் பார்த்தார்.

"அறுந்த இழைய நான் பிணைச்சிக்குவேன் சாமி. உன் காலு அறுந்தா எவன் பிணைப்பான்?"

பரிசோதனை

உள்ளே இருந்த ஒயர்களுக்கெல்லாம் கவசம் போட்டு, சர்க்யூட்டைத் தகரப் பெட்டிக்குள் அடைத்தேன். அதற்கப்புறம் பெட்டி சொன்னதைக் கேட்டது. சென்னையைத் தாண்டி ஒரு பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம். எந்தப் பிரிவில் இந்த மாதிரிப் பெட்டிக்கு அனுமதி உண்டோ அந்தப் பிரிவில் பெயர் கொடுத்திருந்தோம். வண்டிகளைப் பரிசோதிக்கும் அதிகாரி வெள்ளைத் தொப்பி போட்ட, சிரிக்கவே தெரியாத மனிதர்.

பெட்டியைத் தட்டிப் பார்த்தார். ஒயரைப் பின்தொடர்ந்தார். காந்தம் ஒழுங்காகப் பிடிக்கிறதா, விடுகிறதா என்று பல தடவை செய்து பார்த்தார். பிறகு குனிந்து, பெட்டியின் பக்கவாட்டில் இருந்ததை நிதானமாகப் படித்தார். கையில் இருந்த பழைய ஸ்டெபிலைசர் டப்பாவைத்தான் நான் பயன்படுத்தியிருந்தேன். '165 லிட்டர் ஃபிரிட்ஜுக்கு மட்டும்' என்ற எழுத்தைச் சுரண்ட மறந்துபோயிருந்தேன். மனிதர் சீட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"அனுமதி குடுத்துட்டேன். ஆனா மாவு, தயிரெல்லாம் எடுத்துட்டு ஓட்டுங்க."

வெயில்

அன்று காலைச் சுற்றுகளில் வரதன் கிளம்பியதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பச்சையும் அவரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். அவரைவிட வேகமான வண்டிகள் வரிசையாகத் தோற்றன. பக்கத்துக் கூடாரத்துப் பையன்கள் வந்து பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது.

மதியத்துக்கு மேல் சிமெண்ட் ஓடுதளம் தோசைக்கல்லாகிவிட்டது. மீதிச் சுற்றுகளுக்கு முன் பழக்கத்துக்காக ஒரு ஓட்டம் விட்டார்கள். அதில் வரதன் சிவப்பு வாங்கினார். இன்னொரு ஓட்டம், மறுபடி சிவப்பு. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி என்னைப் பார்த்த பார்வையில் குற்றச்சாட்டே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. தகரப் பெட்டியைத் தொட்டேன், கை சுட்டது. உள்ளே நேரத்தை எண்ணுகிற கெப்பாசிட்டர் சூட்டில் குணம் மாறி, சீக்கிரமாக எண்ணி முடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் புதுசுக்கு எங்கே போவது? ஈரத் துண்டு ஒன்றைச் சுற்றி, ஆறவைத்து, டிலேயைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். வண்டிக்கு மேல் குடை பிடித்திருந்த அன்வர் பாய் வருத்தத்தோடு என்னிடம் சொன்னார்.

"எஞ்சினுக்குத்தான் குட புடிச்சிக்கினு இருந்தேன். பொட்டிக்கும் வெயில் ஆகாதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லலியே மணி!"

கன்று

கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். எதிரே சென்னைப் பையன் ஒருவன், நல்ல வண்டி. முதல் மஞ்சள் எரிந்தது. வரதன் பொத்தானை விட்டார். இந்தப் பெட்டியின் கெட்ட குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும்: விட்டது விட்டதுதான், அதன் பிறகு அது யார் பேச்சையும் கேட்காது. அந்த நேரம் பார்த்து, வேலி ஓட்டை வழியாக ஒரு கன்றுக்குட்டி வரதனின் பாதையில் வந்து நின்றது.

நான் செய்த பெட்டி உள்ளே எண்ணிக்கொண்டிருக்கிறது, என்னால் ஒன்றும் செய்ய முடியாது. வரதன் கட்டைவிரலால் எஞ்சின் சுவிட்சை அணைத்தார். காந்தம் விட்டபோது வண்டி ஒரு உதறு உதறி, செத்து நின்றது. சென்னைப் பையன் தன் பாதையில் தனியாகப் பறந்து போனான். கன்று வாலை ஆட்டிக்கொண்டு வந்த வழியே போயிற்று.

அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். எதிராளி சம்மதித்தால் மறுபடி ஓடலாம் என்றார்கள். சம்மதிக்க வேண்டிய அவசியம் அந்தப் பையனுக்கு இல்லை. வண்டியை உருட்டிக்கொண்டு நேராக வரதனிடம் வந்தான்.

"மறுபடி ஓடலாம்ணா. நான் அந்தக் கன்னுக்குட்டிய பார்க்கவே இல்ல, பச்சைய மட்டும்தான் பார்த்தேன்."

ஒரு கோப்பை

மறு ஓட்டத்தில் வரதன் பச்சையோடு கிளம்பினார், பாதி தூரம் வரை முன்னால் போனார். பிறகு அந்த நல்ல வண்டி நல்ல வண்டியாகவே நடந்துகொண்டது. கொஞ்சத்தில் தோற்றோம். திரும்பும் வழியில் வாலாஜாபாத்தில் டீ குடித்தபோதுதான் வரதன் விஷயத்தைச் சொன்னார். இந்தத் தடவை கோப்பையோடு வராவிட்டால் வண்டியை விற்றுவிடுவதாக மனைவி வைதேகியிடம் வாக்குக் கொடுத்திருந்தாராம். அன்வர் பாய் டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டார்.

சில வாரம் கழித்து வைதேகியே கடைக்கு வந்தார். மிக்ஸியோ என்று நினைத்தேன், கையில் ஒன்றும் இல்லை. வண்டியை வாங்க ஆள் வந்ததாம். அந்த ஆள் உதைத்து ஸ்டார்ட் செய்து முறுக்கியபோது, வரதன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். வைதேகி வாசலில் நின்று யோசித்திருக்கிறார், பிறகு வந்தவரை அனுப்பிவிட்டார்.

"விக்கலை அண்ணா. வெயில் தாங்கற மாதிரி ஒரு பொட்டி பண்ணிக் குடுங்கோ, மாடு கன்னெல்லாம் நான் வந்து பார்த்துக்கறேன்."

அவசரக்காரர்களுக்குத் தாமதம் செய்து கொடுத்துப் பிழைத்த எனக்கு, அந்தப் புதுப் பெட்டியை மட்டும் சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியவில்லை.