கார் கொட்டகையில் கட்டிய தூளிகள்

கேமரன் மலையில் காருக்குக் குளிரூட்டும் ஏர்கோன் எதற்கு என்று கீழே இருப்பவர்கள் கேட்பார்கள். நாங்களும் கேட்டோம். காலையில் வாயைத் திறந்தால் புகை வருகிற ஊர் இது. துவைத்த துணி காயாமல் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிடுவோம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கார் நாள் முழுக்க ஏர்கோனை ஓடவிட்டு நின்றது. எண்பதுகளின் ஆரம்பத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குப் பக்கத்தில்.

அப்போது புதிதாக வந்த மானேஜர் வெள்ளைக்காரர் இல்லை, இந்த நாட்டுக்காரர்தான். ஆனாலும் மானேஜர் என்றால் எங்களுக்குத் துரைதான். கீழ்நாட்டில் வளர்ந்தவர். மலையின் குளிரைத் தாங்கிக்கொண்டார், ஈரத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வந்த புதிதிலேயே அவர் காரின் சீட்டில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. கண்ணாடி உட்பக்கமாக வேர்த்து ஒழுகியது. ஏர்கோன் போட்டால் ஈரம் போய்விடும், நாற்றமும் வராது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏர்கோன் ஓட வேண்டுமென்றால் எஞ்சினும் ஓட வேண்டும். துரை ஆபீசுக்குள் இருக்கும் நேரமெல்லாம் எஞ்சினை அணைக்கக் கூடாது என்று டிரைவருக்கு உத்தரவு.

அந்தக் கார் நிற்பதற்கு நான்கு கால் நட்டுத் தகரம் போட்ட கொட்டகை ஒன்று இருந்தது. அதற்கும் நான் வேலை பார்த்த ஆயாக் கொட்டகைக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர்.

கொழுந்து வெட்டப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் ஆயாக் கொட்டகை. நான்தான் ஆயா. உத்தரத்தில் பழைய புடவைகளைத் தூளியாகக் கட்டி வரிசையாகப் போட்டிருப்பேன். பத்து மணி வாக்கில் தாய்மார்கள் மேட்டிலிருந்து பால் கொடுக்க ஓடி வருவார்கள். நான் அதிகம் பேசாதவள். கடையில் ஒரு படி அரிசி கேட்பதற்குக்கூடக் கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நிற்பேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்தபோதும் வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் தலையைக் குனிந்துகொள்வேன். குழந்தைகளோடு இருக்கிற வேலை எனக்குப் பொருந்தியிருந்தது. அவர்களுக்குப் பேச்சு தேவையில்லை.

டிரைவர் காரைப் பின்பக்கமாகவே கொட்டகைக்குள் விடுவார். துரை வெளியே வந்தால் உடனே கிளம்பலாமே என்று. அதனால் காரின் பின்புறம் எங்கள் சுவரோடு ஒட்டி நிற்கும். கொஞ்ச நேரத்தில் பலகை வெதுவெதுப்பாகிவிடும். பலகை இடுக்குகள் வழியாகச் சூடான காற்று உள்ளே வரும்.

அது மழைக்காலம். சளி பிடித்து மார்பு அடைத்துச் செத்துப்போன குழந்தைகளை எல்லாருமே பார்த்திருந்தார்கள். குளிர்தான் எமன் என்று நம்பினோம். ஜன்னல்களை இறுக்கிச் சாத்தி, இருந்த ஓட்டையிலெல்லாம் சாக்கைத் திணித்துவைத்தோம். அந்த வெதுவெதுப்பு வந்ததும் தாய்மார்கள் சாமி கொடுத்த மாதிரி சந்தோஷப்பட்டார்கள். காலையில் அந்தப் பக்கத்துக்குச் சண்டையே நடக்கும்.

"எக்கா, எம்புள்ளைய காரு பக்கம் போடு. நேத்து ஜன்னல் பக்கம் போட்டுட்டே."

"அதென்ன, ஒம்புள்ளைக்கு மட்டும் தொரை காரா? எம்புள்ள மட்டும் என்ன கொழுந்து லோரில வந்துச்சா?"

"ஒம்புள்ள கத்துற கத்துக்கு லோரியே தேவல."

நான் சிரித்துக்கொண்டே தூளியை இடம் மாற்றிக் கட்டுவேன். கார்ப் பக்கத்துக் கடைசி மூலை மட்டும் சண்டையில் சேராது. அது என் அடுத்த வீட்டுக்காரியின் பெண் குழந்தைக்கு. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, ஏறாத கோயில் ஏறிப் பெற்ற பிள்ளை. அந்த மூலையை எல்லாரும் அவளுக்கே விட்டுக்கொடுத்தார்கள்.

கார்ப் பக்கம் போட்ட குழந்தைகள் நன்றாகத் தூங்கின. அழுகையே இல்லை. டிரைவர் வாசலில் எட்டிப் பார்த்துக் கேலி செய்வார்.

"எல்லாம் நம்ம எஞ்சின் தாலாட்டு லா, தங்கச்சி. ஒனக்கு ஆளு வச்ச மாதிரி ஆச்சு. சம்பளத்துல எனக்குப் பாதி குடு."

எனக்கோ மத்தியானமானால் தலை கனத்தது. கண் இருட்டிக்கொண்டு வாந்தி வருகிற மாதிரி இருக்கும். வயசு ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வராது. துரை ரிங்லெட்டுக்கோ தாப்பாவுக்கோ போகிற நாளிலும் வராது. அதை நான் அப்போது சேர்த்துப் பார்க்கவில்லை.

ஒருநாள் பத்து மணிக்கு அடுத்த வீட்டுக்காரி வந்தாள். ரவிக்கை நனைந்திருந்தது. தூளியை விலக்கி, "எந்திரி தாயி, ஆத்தா வந்திருக்கேன்" என்று உள்ளங்காலைச் சுண்டினாள். குழந்தை எழவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் சுண்டினாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நான் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினேன். ஏன் வெளியே ஓடினேன் என்று தெரியாது. ஆபீசுக்குப் பின்னால் காற்று அறைகிற மேடு ஒன்று உண்டு. அங்கே நின்று கன்னத்தைத் தட்டினேன், காலைத் தேய்த்தேன். பனித்தூறல் அதன் முகத்தில் விழுந்தது. கழுத்து துணி மாதிரி என் கையில் கிடந்தது. கடைசியில் ஒரு குமட்டல், கொஞ்சம் வாந்தி, பிறகு அழுகை. அந்த அழுகையைக் கேட்டுத்தான் எனக்கும் மூச்சு வந்தது.

"கண்ணு பட்டுருச்சுக்கா" என்றாள் அவள், குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு. "மொளகா சுத்திப் போடணும்."

"கண்ணு இல்ல. காரு."

"காரா? காரு சூடுதானே குடுக்குது?"

எனக்கு விளக்கத் தெரியவில்லை. என் தலைவலியையும் கார் போகிற நாட்களையும் அந்தத் தூக்கத்தையும் அப்போதுதான் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். பத்து மணிக்குப் பசிக்காத குழந்தை உலகத்தில் உண்டா? நன்றாகத் தூங்குகிறது என்று நாங்கள் கொண்டாடியது தூக்கமே இல்லை, புகை மயக்கம்.

அன்றைக்கே தூளிகளை எல்லாம் எதிர்ப்பக்கம் மாற்றினேன். சாக்குகளைப் பிடுங்கினேன், ஜன்னல்களைத் திறந்தேன். மறுநாள் தாய்மார்கள் என்னைப் பிய்த்துத் தின்னாத குறைதான்.

"குளுருல புள்ளைங்களக் கொல்லப் பாக்குறியா?"

"ஒனக்குப் புள்ள இல்ல. எங்க வயிறு ஒனக்குத் தெரியுமா?"

கடைசியில் சொன்னது ஊசியாக ஏறியது. அவர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் மறுபடி திறந்தேன். ஆனாலும் ஜன்னல் போதாது, இடுக்கு வழியாக வருவது வந்துகொண்டுதான் இருந்தது. எஞ்சின் நிற்க வேண்டும்.

டிரைவரிடம் போனேன். "அண்ணே, கொஞ்ச நேரம் நிப்பாட்டுங்களேன். புள்ளைங்களுக்கு ஆகல."

அவர் கேலி செய்யவில்லை. "நிப்பாட்டுனா கண்ணாடி வேத்துரும் தங்கச்சி. சீட்டு ஈரமாயிரும். தொரை என்னையத்தான் கேப்பாரு."

"துணியால தொடச்சா போவாதா? ஜன்னல எறக்கிவிட்டா காத்து போவாதா?"

"போவும். நான் சொல்ல முடியுமா அவருகிட்ட?"

பிறகு கிராணியிடம் போனேன். ஆபீஸ் கணக்குப்பிள்ளை அவர். வாசலில் நான் நின்ற நேரத்தில் அவர் ஒரு தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, உள்ளே இருந்த இன்னொருவரைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆயாவுக்கு ஏர்கோன் ஒத்துக்கலயாம். ஏம்மா, ஏர்கோன் காருக்கு உள்ளதானே அடிக்குது? ஒன்ன யாரு காருல ஏத்துனா?"

நான் திரும்பி வந்துவிட்டேன். அழுகை வரவில்லை, கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருகிறது என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. காருக்குள் குளுகுளுவென்று காய்ந்து கிடக்கட்டும், வேண்டாம் என்றா சொன்னேன்? அதன் சூடும் புகையும் எங்கே போகும்? யார் வீட்டுப் பக்கம் போகும்? ஒரு மனிதன் உட்கார ஒரு சீட்டு காய வேண்டும் என்பதற்காக அத்தனை குழந்தைகளின் மூச்சைக் கொடுக்க வேண்டுமா? கிராணி சிரித்ததற்குச் சொல்ல வேண்டிய பதில்கள் எல்லாம் லயத்து வரிசை வீட்டில் பாத்திரம் கழுவும்போதுதான் வரிசையாக வந்தன. வாயால் ஆகாது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் துரை காலையிலேயே மேட்டைச் சுற்றிப் பார்க்கக் காரில் போயிருந்தார். கார் கொட்டகை காலியாக இருந்தது. நான் தூளிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொண்டுபோய் அந்தக் கொட்டகையின் குறுக்குச் சட்டத்தில் கட்டினேன். குழந்தைகளுக்குக் கம்பளித் தொப்பி மாட்டி, இரண்டு துணி சுற்றிப் படுக்கவைத்தேன். நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

கார் வந்தது. பின்பக்கமாகத் திரும்பிய டிரைவர் கண்ணாடியில் பார்த்திருப்பார், சடக்கென்று நிறுத்தினார். துரை இறங்கி என்னைப் பார்த்தார். மலாயில் கேட்டார், பிறகு அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"என்னா இது? எடு. காரு வரணும்."

"உள்ள போக மாட்டோம் ஐயா" என்றேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆனால் சொன்னேன். "காரு நிக்கிற எடம் நல்லாருக்கு. காத்து வருது. நீங்க கார எங்க கொட்டகைக்குள்ள நிப்பாட்டிக்கிங்க."

அவருக்கு முகம் சிவந்தது. கிராணி ஓடி வந்தார். "வேலைய விட்டுத் தூக்கிருவாங்க, தெரியுமா?" என்றார். தூளியை அவிழ்க்கக் கை நீட்டினார்.

அந்த நேரத்தில்தான் பெண்கள் பால் கொடுக்க இறங்கி வந்தார்கள். குழந்தைகளை வெளியே கண்டதும் என்மேல் கத்திக்கொண்டேதான் வந்தார்கள். முன்னால் வந்தவள் அடுத்த வீட்டுக்காரி. அவள் குழந்தை முழித்துக்கொண்டு, மூக்குச் சிவந்து, பசியில் கையைச் சப்பிக்கொண்டிருந்தது. அதை அவள் பார்த்தாள். கிராணியின் கையையும் பார்த்தாள்.

"கைய எடுங்க கிராணி ஐயா" என்றாள். "புள்ளைக்குப் பால் குடுக்கணும்."

அப்படியே தரையில், கார் டயர் பதிந்த சேற்றின்மேல் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுப் பால் கொடுக்க ஆரம்பித்தாள். என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். கொட்டகை நிறைந்துவிட்டது.

பால் கொடுக்கிற பெண்கள் முன்னால் எங்கள் தோட்டத்து ஆம்பளை எவனும் நிற்க மாட்டான். அது எழுதாத வழக்கம். கிராணி கையை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினார். டிரைவர் காரைச் சுற்றிப் போய் மறுபக்கம் நின்றார். துரையும் தலையைத் திருப்பினார்.

"தொரை, மழ வருது. உள்ள போங்க" என்று ஒருத்தி குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். "நாங்க முடிக்க நேரமாவும். எம்புள்ள மெதுவாத்தான் குடிக்கும்."

பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள்.

துரை ஆபீசுக்குள் போய்விட்டார். டிரைவர் காரைப் பெரட்டுக் களத்தின் ஓரத்துக்கு, காலையில் ஆள்கணக்கு எடுக்கிற அந்த வெட்டவெளிக்கு, கொண்டுபோய் நிறுத்தினார். கொஞ்ச நேரம் எஞ்சின் ஓடியது. பிறகு நின்றது. அவரே நிறுத்தினாரா, உள்ளேயிருந்து உத்தரவு வந்ததா, நான் கேட்கவில்லை. சாயங்காலம் பார்த்தபோது நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, இடுப்பில் கட்டுகிற பழைய சாரத்தைச் சுருட்டிச் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பல வருஷம் கழித்து ரேடியோவில், இந்த ஏர்கோனில் அடைக்கிற கேஸ் வானத்தையே கெடுக்கிறது என்று பேசினார்கள். எனக்கு ஆச்சரியமாக இல்லை. இன்றைக்கும் கியா பார்மில் காய்கறிக் கடைகளுக்கு முன்னால், வியாபாரி பிள்ளையை இடுப்பில் வைத்து நிற்கிற இடத்தில், ஆள் இறங்கிப் போன பிறகும் வேன்கள் ஏர்கோனோடு உறுமிக்கொண்டு நிற்கும். நான் போய்க் கண்ணாடியைத் தட்டுவேன். "நிப்பாட்டு லா தம்பி, ஜன்னல எறக்கு, இது கேமரன்" என்பேன். சிலர் முறைப்பார்கள். முறைக்கட்டும். நான் முறைக்கப் பழகிவிட்டேன்.

கார் கொட்டகையில் தூளி கட்டிய அந்த மாதக் கடைசியில் என்னை ஆயா வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். புல் வெட்டுகிற கூட்டத்தில் போட்டார்கள். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போகும்போது கிராணியிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: "தூளிய யாராச்சும் அந்தச் செவுத்துப் பக்கம் கட்டுனா, நான் மேட்டுலேருந்து எறங்கி வருவேன்." புதிய ஆயா என்னைவிட வயதில் சின்னவள், வாய் பெரியவள். காரை அந்தப் பக்கம் வரவே விடவில்லை.

நான் புல் வெட்டிய சரிவு ஆபீசுக்கு எதிர்மேட்டில் இருந்தது. பனி மூடினால் ஆபீஸ் தெரியாது. பத்து மணி நெருங்கும்போது கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்பேன். வேலையை மேற்பார்க்கிற தண்டல் கத்துவார். கத்தட்டும் என்று நிற்பேன். பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு குழந்தை அழும், அதைக் கேட்டு மற்றதெல்லாம் அழும். பசித்து, கோபமாக, தொண்டை கிழிய அழும். அதைக் கேட்ட பிறகுதான் மறுபடி குனிவேன்.