பாப்பாவும் அணைந்து போகும் கம்ப்யூட்டரும்

அண்ணனை ஒருக்களித்துப் புரட்டி, முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகி, பவுடர் டப்பாவைத் தட்டுகிறாள் பாப்பா. அதில் கஞ்சத்தனம் கிடையாது. முதுகு, இடுப்பு, தொடை இடுக்கு என்று சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல் அடித்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே திரும்பி நாற்காலியில் உட்கார்கிறாள். கட்டிலுக்கும் கம்ப்யூட்டர் மேசைக்கும் நடுவே அந்த நாற்காலி நுழையும் அளவுக்குத்தான் இடம்.

ஐம்பதைத் தாண்டியும் அவள் பாப்பாதான். அண்ணன் கூப்பிட்டது, தெருவே பிடித்துக்கொண்டது. டாக்டர்கள் பேசி அனுப்பும் நோயாளி விவரங்களைக் கேட்டு எழுத்தாக அடித்துக் கொடுப்பது அவள் வேலை. ஒரு காதில் டாக்டர். மற்றக் காது அண்ணனுக்கு. லாரி ஓட்டிய மனிதர், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து கிடக்கிறார். சில சமயம் எச்சிலே புரையேறிவிடும். அந்தச் சத்தம் கேட்டால் ஹெட்போனைக் கழற்றக்கூட நிற்கமாட்டாள். ஒயர் பிடுங்கிக்கொண்டு வர எட்டி அவரைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்பாள். பிறகு ஒயரைச் செருகிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து அடிப்பாள்.

கம்ப்யூட்டருக்கு வியாதி வந்தது போன மாதம். பாதி வாக்கியத்தில் படக்கென்று அணைந்துவிடும். உடனே சுவிட்சைப் போட்டால் கண்ணைத் திறந்து மறுபடி மூடிக்கொள்ளும். கொஞ்சம் ஆறவிட்டுப் போட்டால் ஓடும், பிறகு அணையும். பாப்பா தனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் பார்த்தாள். பிளக்கை இடம் மாற்றினாள். ஒயர்களை அழுத்திச் செருகினாள். அண்ணனின் காற்று மெத்தைக்கு ஓடும் மோட்டார் கரண்டை இழுக்கிறதோ என்று அதை நிறுத்திப் பார்த்தாள், அப்போதும் அணைந்தது. சிபியு பெட்டியைத் தொட்டால் கொதித்தது. சரி, காற்றுப் போதவில்லை என்று பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனைக் கட்டிலின் அந்தப் பக்கம் வைத்து, அண்ணனைத் தாண்டி அதன்மேல் வீசவிட்டாள். அதன் பிறகு இன்னும் சீக்கிரமாக அணையத் தொடங்கியது.

"அதுக்கும் வயசாயிடுச்சு பாப்பா," என்றார் அண்ணன். "என் பக்கத்துல படுக்கப் போட்டுடு."

பாப்பா சிரிக்கவில்லை. ஆபீஸ் மேற்பார்வைக்காரி அன்று காலையில்தான் போன் செய்திருந்தாள். நல்ல பெண், குரலை உயர்த்தத் தெரியாதவள். "இன்னொரு தடவை வேலை பாதியில நின்னுச்சுன்னா நீங்க ஆபீசுக்கு வந்துதான்க்கா உட்காரணும். இல்லன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. என் கையில இல்ல."

பாப்பா ஆபீசில் உட்கார்ந்தால், அண்ணன் ஏதாவது ஒரு இல்லத்தில் வரிசைக் கட்டிலில் படுக்க வேண்டியதுதான். இதை இருவருமே வாய்விட்டுப் பேசவில்லை. அவர் மட்டும் அன்று சாப்பாட்டைப் பாதியிலேயே போதும் என்றார்.

மெக்கானிக் முதலில் போனிலேயே வைரஸ் என்றார். பிறகு வந்து பவர் சப்ளையை மாற்றினார். மறுநாளே அணைந்தது. மறுபடி வந்தபோது, தோற்றுப்போன ஆளின் முகத்தோடு தரையில் உட்கார்ந்து, உள்ளே இருந்த சின்ன ஃபேனைக் கழற்றினார். அதற்குக் கீழே சூட்டை வெளியேற்றும் தகடுகளே தெரியவில்லை. சாந்து பூசியதுபோல் வெள்ளையாக அடைத்திருந்தது. புளோயரை வைத்து ஊதினார். அறை முழுக்கப் புகை.

"மாவு மில்லு ஏதாவது வச்சிருக்கீங்களாம்மா?"

கட்டிலிலிருந்து குழறலாகப் பதில் வந்தது. "மாவு இல்லப்பா. என் பவுடர்."

பாப்பா டேபிள் ஃபேனைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். தான் தட்டியதை எல்லாம் தானே காற்று வைத்து அனுப்பிக்கொண்டிருந்தது புரிந்தது. மெக்கானிக் அதைச் சொல்லிக் காட்டவில்லை. வழி அடைத்துப்போனதால் சூடு உள்ளேயே நிற்கிறது, கருகிப் போகாமல் இருக்கத்தான் அது தானே அணைந்துகொள்கிறது என்று விளக்கிவிட்டு, சுத்தம் செய்து தருகிறேன், ஆனால் இந்த அறையில் வைத்தால் திரும்பவும் இதே கதைதான் என்றார்.

முன்னறையில் உட்கார்ந்தால் புரையேறும் சத்தம் கேட்காது. அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று தலையை ஆட்டினாள் பாப்பா.

"அப்ப பவுடரை நிறுத்து," என்றார் அண்ணன்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் எப்போதோ சொன்னதுதான் அது. புண் வராமல் காப்பது பவுடர் அல்ல, நேரம் தவறாமல் புரட்டிப் போடுவதும் ஈரம் தங்காமல் துடைப்பதும்தான். பாப்பா அவளிடம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அவள் படி இறங்கியதும் டப்பாவை எடுத்தவள். வருகிறவர்கள் யாரும் மூக்கைப் பிடிக்கக் கூடாது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மனிதருக்குத் தன்னால் தர முடிந்த கௌரவம் அது ஒன்றுதான் என்று அவளுக்கு ஓர் எண்ணம்.

"நாறிடும்ணா."

"நாறட்டும். என்னை யார் வந்து மோந்து பாக்கப் போறாங்க?"

மெக்கானிக் கீழே விழாத திருகாணியைத் தேடினார்.

அன்று மாலைவரை கம்ப்யூட்டர் அணையாமல் ஓடியது. தேங்கிக் கிடந்ததை எல்லாம் அனுப்பிவிட்டு, பாப்பா நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை வெந்நீரில் துணியை நனைத்து அண்ணனைத் துடைத்தாள். உலர்ந்த துண்டால் ஒவ்வொரு மடிப்பாக ஒற்றி எடுத்தாள். சட்டையைப் போட்டு, மேசைப் பக்கமாகப் புரட்டிப் படுக்க வைத்தாள். பிறகு, பால் திரிந்துவிட்டதா என்று பார்க்கிறவள்போல் அவர் கழுத்தருகே குனிந்து ஒரு முறை முகர்ந்தாள். திரும்பி உட்கார்ந்து சுவிட்சைப் போட்டாள்.