ஜோடி பிரிந்த வெண்கலம்

கெத்துத் லாசியா பாலித் தீவில் ஓர் ஊராட்சி அலுவலகத்தில் கலை, சடங்கு வேலைகளைப் பார்ப்பவன். கோயில் திருவிழாவுக்குப் பந்தல், நடனக் குழுவுக்கு வேன், ஒலிபெருக்கிக்கு அனுமதி, எல்லாம் அவன் மேசை வழியாகத்தான் போகும். வீட்டுக்குப் போனால் வாத்தியக்காரன். அலுவலகத்தில் அவனுக்கிருந்த மரியாதையும் அதனால் வந்ததுதான்.

அவன் மேசை வழியாகவே ஊராட்சி புது கம்லான், ஒரு முழு வாத்தியக் குழுவுக்கான தொகுதி, வாங்கியது. வெண்கலப் பட்டை வாத்தியங்களும் கோங்குகளும் லாரியில் வந்து இறங்கின. ஊரின் இரண்டு பஞ்சார்கள், அதாவது தெருச் சமூகங்கள், கிழக்கும் மேற்கும், எங்கள் மண்டபத்தில்தான் வைக்க வேண்டும் என்று மல்லுக்கு நின்றன. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் இரண்டிரண்டாகத்தானே இருக்கிறது, ஆளுக்கொன்று என்றார் ஊர்க் கூட்டத்தில் ஊராட்சித் தலைவர்.

ஏன் இரண்டு என்று பாலியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜோடியில் ஒன்றின் சுருதி மற்றதைவிட மயிரிழை தாழ்ந்திருக்கும். சேர்த்துத் தட்டினால் அந்த மயிரிழையில் ஒலி அலையடிக்கும். பிரித்தால் அலை செத்துவிடும்.

"ஏம்ப்பா கெத்துத், நீ வாசிக்கிறவன். பிரிச்சா சத்தம் கெட்டுடுமா?"

தலைவர் பதிலுக்காகக் கேட்கவில்லை. தலையாட்டலுக்காகக் கேட்டார். கூட்டத்தில் இரண்டு பேர் ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்கள்.

"ஒண்ணும் ஆகாதுங்க, ஐயா."

மற்ற வாத்தியக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். மேற்கிலிருந்து வந்திருந்த மாதே சுக்ரா மட்டும் அவனைப் பார்த்தான். இருவரும் சின்ன வயதிலிருந்து ஊர்ப் பொதுக் குழுவில் ஒரு ஜோடியின் இரண்டு வாத்தியங்களில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்கள். அன்றோடு சுக்ரா காப்பி குடிக்க வருவதை நிறுத்திக்கொண்டான்.

ஊர்க் கோயில் திருவிழாவில் முதல் நாள் கிழக்கின் முறை. கிழக்கைச் சேர்ந்த கெத்துத் வாசித்தான். ஒரு தாளமும் பிசகவில்லை. படையல் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அவன் காதுபடவே பேசினார்கள்.

"என்னடி, தகர டப்பாவத் தட்டுற மாதிரி இருக்கு?"

"புதுசுல்ல. பழகப் பழக சரியாயிரும்."

"வாங்கிக் குடுத்த மகராசன் அந்தா உக்காந்திருக்கான். கேளு."

சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான். அவன் இலையில் வைத்த பன்றிக்கறி அப்படியே இருந்தது.

மறுநாள் மேற்கின் முறை. மதியம் கெத்துத் கிழக்கின் பங்கிலிருந்து தான் வாசிக்கும் வாத்தியத்தை மோட்டார் சைக்கிளில் ரப்பர் வாரால் இறுக்கிக் கட்டி மேற்கு மண்டபத்துக்குப் போனான். அங்கே கோயிலுக்குக் கிளம்பும் முன் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

சுக்ரா எழுந்திருக்கவில்லை. "வாங்க ஆபீசர். எங்க பாதியையும் ரெண்டாப் பிளக்க வந்தீங்களா?"

"தள்ளி உக்காரு."

"ஒங்க ஆளுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சா பஞ்சார விட்டே தள்ளி வச்சிருவானுக. ஒன் வீட்டுச் சாவுக்குக்கூட ஒருத்தன் வரமாட்டான்."

"தள்ளி உக்காரு, மாதே."

சுக்ரா நகர்ந்து இடம் விட்டான். வாசிக்கும் சுத்தியலைக் கையில் எடுத்து உருட்டினான். பிறகு அடங்கிய குரலில் சொன்னான். "நானுந்தான் அன்னிக்கு வாயத் தொறக்கல, பிளி. எல்லாருக்கும் தெரியும். எவனும் பேசல."

பழையபடி பிளி, அண்ணன் என்கிறான். அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று கெத்துத்துக்குத் தோன்றியது.

"ஒங்களையெல்லாம் யாரும் கேக்கல. என்னயக் கேட்டாங்க."

சுக்ரா சுத்தியலை ஓங்கினான். இருவரும் அவரவர் வாத்தியத்தில் அதே இடத்துப் பட்டையைத் தட்டினார்கள்.

ஒலி நடுங்கிக்கொண்டு எழுந்தது. மண்டபத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையை இறக்கினார்கள். ஜோடி இல்லாத மற்ற வாத்தியங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கெத்துத் இடது கையால் பட்டையைப் பிடித்து ஒலியை அடக்கினான்.

"சாயங்காலம் கோயிலுக்குத் தலைவர் வருவாருல்ல?"

"வருவாரு. ரெண்டு பஞ்சாரும் இருக்கும்."

"அவரு மறுபடியும் கேக்கப்போறதில்ல" என்றான் கெத்துத். "நானாத்தான் சொல்லணும்."